சங்கவாய்க் கொற்றியின் பொருட்டு வெண்கரை அரசி விடுத்த ஓலை

நலம் சிறக்க, நீர் நிறைக. வெண்கரை நாடுடைய பூவணமாதேவி, நெடுங்குன்ற நாட்டை ஒரு குடைக்கீழ்க் காத்தருளும் எம் தமையனாரொத்த வேள் திருக்கண்ணனார் திருமுன்பு விடுத்த ஓலை. தங்கள் மலையில் மழை பிழையாதிருப்பதும் மக்கள் நோயற்றிருப்பதும் கேட்டு மகிழ்ந்தோம். இங்கும் நலமே, அந்த நலத்தில் பெரும்பங்கு தாங்கள் அனுப்பிவைத்த கூத்தர் நல்லாதனாரால் வந்தது என்பதைச் சொல்லவே இவ்வோலை.

மேலைக்கடற் போரில் சங்கவாய்ப் பட்டினம் எரிந்து, அதன் மக்கள் படகேறி எம் கரைக்கு வந்தது தாங்கள் அறிந்ததே. அவர்களுக்குச் சோறிட்டோம், கோட்டைக்கு வெளியே கூரையிட்டோம். அதோடு நில்லாமல், எல்லாம் தெரிந்தவர் போல் ஓர் ஆணையும் இட்டோம். வந்தவர் ஒவ்வொருவரும் கோட்டை வாயிலில் நின்று, பழைய ஊரை விட்டேன், இனி வெண்கரையே என் ஊர் என்று சொன்னால் மனையும் நிலமும் உண்டு. தைத் திங்கள் முடிவதற்குள் சொல்லாதவர் மீண்டும் படகேற வேண்டும் என்பதே அவ்வாணை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சொன்னார்கள்.

கொற்றி என்னும் பாய்மரத் துணி தைக்கும் பெண் மட்டும் சொல்லவில்லை. கணவன் அந்தத் தீயில் போனவன்; கையில் இங்கே பிறந்த ஆறு மாதப் பெண் குழந்தை. கோட்டை வாயிலைக் காக்கும் வாயில்நாயகம் பெருஞ்சாத்தனார் கேட்கும்போதெல்லாம் அவள் விடை சொல்லாமல் தன் ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவாளாம். அவரும் தலையெழுத்தே என்று கேட்டுக்கொண்டு நிற்பாராம். விட்டேன் என்று தன் வாயால் சொன்னால், எரிந்த ஊரைத் தானும் ஒருமுறை எரித்ததாகும் என்பது அவள் வாதம். தை முடிய ஒன்பதே நாள் இருந்தது. கைக்குழந்தையோடு கடலில் எங்கே போவாள் என்று எமக்கும் தெரியாது. இட்ட ஆணையை மாற்றவும் மனம் வரவில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

அந்த வேளையில்தான் நல்லாதனார் வந்து சேர்ந்தார். அவருடைய கூத்தில் எவரும் தம்மைத் தாமே ஆடலாகாது. வந்தவர் உள்ளூராராகவும், உள்ளூரார் வந்தவராகவும் ஆட வேண்டும். திரை தைக்க வந்த கொற்றியின் தலையில் வாயில்நாயகத்தின் தலைப்பாகையைக் கட்டிவிட்டார். பெருஞ்சாத்தனாரிடம் ஒரு துணிமூட்டையைக் குழந்தையென்று கொடுத்தார். முறுக்கிய மீசையும் இடுப்பில் குழந்தையுமாக அவர் நின்ற கோலம் கண்டு ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது; யாமும் சிரித்தோம்.

கொற்றி அவர் குரலிலேயே, ஊர் எது, சொல் என்று அதட்டினாள். விட்டேன் என்னும் விடையை எத்தனையோ முறை கேட்டுப் பழகியவர், மூட்டையை இடுப்பு மாற்றி இடுக்கிக்கொண்டார். மூன்றாம் முறை அதட்டியபோது மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, என் ஊர் சங்கவாய் என்று தொடங்கினார். தென்கோடியில் விளக்குத்தூண், அதனடியில் பாய் உலர்த்தும் மேடை, மழைக்காலத்தில் முழங்கால் அளவு நீர் நிற்கும் பள்ளத்தெரு, கருவாட்டு மணத்தினூடே நடக்கும் கல்யாணங்கள் என்று, அவள் வாயிலில் நின்று சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். சிரிப்பு நின்றுபோயிற்று. கொற்றி மட்டும், விளக்குத்தூண் தென்கோடியில் இல்லை, வடகோடியில் என்று திருத்தினாள். திருத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தன் ஊர் இன்னொருவர் மனத்திலும் இருக்கிறது, இனித் தான் ஒருத்தியே அதைக் காக்க வேண்டியதில்லை என்று பின்னர் நல்லாதனாரிடம் சொன்னாளாம்.

மறுநாள் காலை அவளே வாயிலுக்கு வந்தாள். தான் சங்கவாயில் பிறந்தவள் என்றும், வெண்கரையில் வாழ விரும்புவதாகவும், தன் மகளுக்கு இரண்டும் ஊர் என்றும் சொன்னாள். பெருஞ்சாத்தனார் எம்மைக் கேளாமலே கதவைத் திறந்துவிட்டார். தண்டிக்க வேண்டிய குற்றம், அவருக்குப் பட்டாடை தந்தோம்.

தமையனாரே, பொன்னும் படையும் அனுப்பும் அரசர் பலர் உண்டு. எமக்கு வேண்டியது இன்னதென்று எமக்கே தெரியாதிருந்தபோது தாங்கள் ஒரு கூத்தரை அனுப்பினீர்கள். ஒரு தாயையும் சேயையும் கடலில் தள்ளிய பழி எம்மைச் சேராமல் காத்தீர்கள். இந்த நன்றியை எம் ஆயுள் உள்ளளவும் மறவோம்.

ஆகவே இன்று முதல் அவ்வாணை ஒழிந்தது. விட்டேன் என்று சொல்லி நிலம் பெற்ற இருநூற்றுப் பன்னிரண்டு பேரும், பெற்ற நிலம் அவர்களுடையதாகவே இருக்க, மீண்டும் வாயிலுக்கு வந்து, சங்கவாயும் தம் ஊரே என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கடவர். ஒவ்வொருவர் சொல்வதையும் இறுதிவரை யாமே நின்று கேட்போம். மீன்கொத்தி இலச்சினையிட்டுக் கட்டிய இவ்வோலை எம் ஆணை.