எலிக்குஞ்சுகள் கூப்பிட்டதும் நீ கூப்பிட்டதும்

இன்று காலை, மூடி சரியாக மூடாத பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சேலைகளுக்கு நடுவே நான்கு எலிக்குஞ்சுகள், இன்னும் கண் திறக்காதவை. வாயைத் திறந்து திறந்து மூடின. சத்தமே இல்லை. போட்டது போட்டபடி வாசலுக்கு ஓடி வந்துவிட்டேன். எலிக்குப் பயந்து இல்லை, அது உனக்குத் தெரியும்.

ராஜபாளையம் மில்லில், நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங்கில், பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றோம். அந்த இரைச்சலில் குரலுக்கு என்ன வேலை? நீ உதட்டை மட்டும் அசைத்து சூப்பர்வைசரை வைவாய்; நான் படித்துவிட்டுச் சிரிப்பேன்; திட்டு எனக்கு விழும்.

ஒருநாள் கழிவுப் பஞ்சுக் குவியலில் இதே மாதிரி குஞ்சுகள். முந்தானையில் அள்ளி, சைக்கிள் ஷெட் பக்கம் கொண்டுபோய் வைத்தாய். அங்கே இரைச்சல் இல்லை. ஆனாலும் வாய்கள் அசைந்ததே தவிர ஒன்றும் கேட்கவில்லை. நாம் தள்ளி நின்றதும் தாய் எலி சுவரோரமாக நேரே ஓடி வந்து, ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போனது.

“ஏட்டி, அதுக்கு மட்டும் எப்பிடிக் கேட்டுச்சு?” என்றாய். உன் முகம் வெளுத்திருந்தது. “நம்ம காதுல விழாம இன்னும் எம்புட்டு பேரு கூப்பிடுதாகளோ. பயமா இருக்குட்டி.”

நான் கேலி செய்தேன்.

விலங்கியல் படித்த என் மகள் பின்னாளில் சொன்னாள்: தாயைப் பிரிந்து குளிரெடுத்தால் அவை கத்துமாம், அந்தக் கீச்சு மனிதக் காதுக்கு எட்டாதாம். கேலி செய்த எனக்கும் அன்றிலிருந்து உன் பயம் பிடித்துக்கொண்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில், தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு உனக்குக் குரல் இல்லை. “இவ ஒதட்டப் படிக்க நீதாம்மா ஆளு. செத்த நேரம் இரி, வாரேன்” என்று உன் வீட்டுக்காரர் டீ வாங்கப் போனார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கஞ்சியை ஆற்றினேன். இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஊற்றும் நேரம்தான். திரும்பினால், மூச்சுவிடக் கழுத்தில் போட்டிருந்த குழாயில் சளி அடைத்து, உன் கண்கள் என் முதுகு இருந்த இடத்திலேயே நின்றிருந்தன. நர்ஸ் ஓடி வந்தும் பலனில்லை.

எத்தனை தடவை கூப்பிட்டாய்?

அடுப்படியில்கூட வாசலைப் பார்த்துத்தான் நிற்கிறேன். யாருக்கும் முதுகு காட்டுவதில்லை. மகள் சிரிப்பாள்.

பெட்டியைத் திறந்தே வைத்திருந்தேன். மத்தியானம் தாய் எலி வந்து நான்கையும் கொண்டுபோய்விட்டது. அதற்குக் கேட்டுவிட்டது. என்னிடம் இருப்பது உன் உதட்டில் கடைசியாக நின்ற வடிவம் மட்டும்தான்: இரு பக்கமும் இழுபட்டு, பல் தெரிய. ஒன்பது வருஷம் படித்த உதடு அது. “ஏட்டி” என்று நீ கூப்பிட்டு முடிக்கும்போது அப்படித்தான் இருக்கும்.