கவிழ்த்தாலும் விழாத தண்ணீர்

என் சில்வண்டே, நலமா, தூங்கினாயா என்பதெல்லாம் அப்புறம், முதலில் இதைக் கேள்: உன் சித்தப்பா வசமாக மாட்டிக்கொண்டார்!!!

இங்கே நாங்கள் நலம், அப்பாவுக்கு இந்த வாரம் நடுக்கமே இல்லை. டயாலிசிஸ் படுக்கையில் பல் கிடுகிடுக்கப் போர்வைக்குள் அவர் ஆடியதைப் பார்த்து நீ போனிலேயே அழுதாயே, அன்றைக்கு அங்கே ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்குப் போகும் தண்ணீரின் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொள்ளும் உன் சித்தப்பா எல்லா நோயாளிகள் முன்னாலும், "அண்ணி சமையல சாப்பிட்டா நடுங்காம என்ன பண்ணும்? என் தண்ணியில ஒரு கிருமி காட்டுங்க, மீசைய எடுத்துடறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா என் சமையலைத் தொடுவதை விட்டுவிட்டு ரொட்டி வாங்கித் தின்றார், "இனிமே டயாலிசிசுக்கே போகல" என்று வேறு அடம். போகாவிட்டால் உயிர் தங்குமா? அன்றே கறுவிக்கொண்டேன்.

நான் பைத்தியமாகப் பார்க்கும் கிருமி அக்கா சேனலில்தான் பிடி கிடைத்தது. சில பாக்டீரியாக்களின் மேல்தோலில் எண்டோடாக்சின் என்று ஒரு நச்சு, அதன் வால் முழுக்கக் கொழுப்பு. கிருமி செத்தாலும் அது சாகாது. நம் செல்லின் சவ்வும் கொழுப்புதானே, எண்ணெயோடு எண்ணெயாக உள்ளே சொருகிக்கொள்ளும், காவல் செல்கள் மோப்பம் பிடித்து ஊரையே கூட்டும், அதுதான் குளிரும் காய்ச்சலும். என் வீட்டில் உட்கார்ந்து தின்றுவிட்டு என்னையே பழித்த ஆளைப் போலவே இல்லை?

உன் சித்தப்பா அந்தத் தண்ணீர்க் குழாய்களில் மருந்து ஊற்றிக் கிருமியைக் கொன்றார், சரி, செத்ததை அலசி வெளியேற்றவே இல்லை! கிருமி சோதனையில் மட்டும் எப்போதும் பூஜ்யம். நான் பெரிய டாக்டரம்மா வாசலில் தவம் கிடந்து, "கிருமிய விடுங்கம்மா, எண்டோடாக்சின் இருக்கான்னு பாருங்க" என்று நச்சரித்தேன். சோதித்தார்கள். அந்த நச்சு இருந்தால் உறைந்துபோகும் ஒரு மருந்தோடு கலந்த தண்ணீர் கூழாக உறைந்து, சோதனைக் குழாயைக் கவிழ்த்தாலும் விழவில்லை! பழைய தண்ணீர்க் குழாய்களையெல்லாம் பிடுங்கிப் புதிது போட்டாயிற்று.

நேற்று சித்தப்பா வந்து, "அண்ணி, சொந்தக்காரங்களுக்குத் தெரிய வேணாம்" என்று கெஞ்சினார். தட்டு நிறையப் பரிமாறி, "சாப்பிடுங்க, நடுங்குதான்னு பாப்போம்" என்று எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். அப்பாவும் தட்டை எடுத்து வந்து மறுசோறு கேட்டாரடி!

நீ நூறு வயசு நல்லா இரு, வேளைக்குச் சாப்பிடு. கவிழ்த்த சோதனைக் குழாயின் படத்தைத்தான் இப்போது நம் குடும்ப முகநூல் குழுவின் முகப்பில் வைத்திருக்கிறேன். மீசை இன்னும் அப்படியே இருக்கிறது. மாமா, அத்தை, உன் தோழிகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து அதன் கீழே ஒரே ஒரு கேள்வி போடு: "எப்போ எடுக்கறீங்க சித்தப்பா?"

இன்னும் ஆறாத,
உன் அம்மா