ஒரே தச்சர் செய்த இரண்டு பெட்டி

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் நான் சுகம், இந்த வாரம் கொஞ்சம் கூடுதல் சுகம் என்றே சொல்ல வேண்டும், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே குளிருக்குப் பழகி நலமாய் இருக்கத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில், மடித்த போர்வைக் கட்டின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் போர்வையைத் திட்டு. சிரித்துச் சிரித்து விலா நோகிறதடி. அப்பா போய் நாலு மாதம் ஆகவில்லை, இவளுக்கு என்ன வந்தது என்று நினைக்காதே, முழுக்கப் படி.

நம் தெருவில் அப்பா விழுந்து உயிர்விட்ட குழியை மூடவே இல்லை என்று போன தடவையே எழுதினேன். அந்தக் கவுன்சிலரை மன்னிக்கவே மன்னிக்காதேம்மா என்று நீயும் போனில் அழுதாய். தேர்தல் வருகிறதல்லவா, அவர் இப்போது ஞாயிறு தவறாமல் சபைக்கு வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டு முடிந்த பிறகும் ஒரு வரி கூடுதலாய்ப் பாடுகிறார். போதகரிடம் கேட்டு, வாசலில் நம் ஜெபப் பெட்டிக்குப் பக்கத்திலேயே குறை எழுதிப் போட ஒரு மனுப் பெட்டியும் வைத்துவிட்டார். இரண்டையும் செய்தது நம் சபைத் தச்சர்தான், அதே பலகை, அதே பச்சை வர்ணம். நான் கவுன்சிலருக்கு ஒரு சீட்டும் கர்த்தருக்கு ஒரு சீட்டும் எழுதிக்கொண்டு போய், கண்ணாடி இல்லாமல் மாற்றிப் போட்டுவிட்டேன். நம் போதகர் சீட்டை முன்னாடியே பார்க்க மாட்டார், பிரித்த கையோடு ஜெபிப்பார், சபை ஆமென் சொல்லும், உனக்குத் தெரியும். இந்த ஞாயிறு, கவுன்சிலருக்கு நான் நீங்க நீங்க என்று எழுதியதையெல்லாம் பழக்க தோஷத்தில் நீர் நீர் என்று மாற்றி, உருகி உருகிப் படிக்கிறார், ஓட்டு கேட்டு வந்தப்ப கும்பிட்டீரே, அப்புறம் இந்தத் தெருப் பக்கம் எட்டிப் பார்த்தீரா என்று. சபை ஆமென் என்றது. என் புருஷன் விழுந்த குழியில கொசு குடும்பம் நடத்துது, உமக்குக் கண்ணு இருக்கா இல்லையா என்று. அதற்கும் ஆமென்! அப்புறம்தான் போதகருக்கு உறைத்தது, இது மேலே போக வேண்டியதில்லை, முன் பெஞ்சுக்குப் போக வேண்டியது என்று. நிறுத்தப் பார்த்தார். குரலால் ஒலிபெருக்கி என்று பேரெடுத்த எதிர்வீட்டு அக்கா விடுவாளா, ஜெபத்தைப் பாதியில விடக்கூடாது ஐயா, முழுக்கப் படிங்க என்று அதட்டினாள். கூட்டம் முடிந்ததும் போதகர் என்னைக் கூப்பிட்டு, சபைக்குள்ள அரசியல் கொண்டுவரலாமாம்மா என்றார். பெட்டி மட்டும் உள்ள வரலாமா ஐயா என்று கேட்டேன், கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இதில் விஷயம் என்னவென்றால், கர்த்தருக்கு எழுதியது கவுன்சிலர் கைக்குப் போய்விட்டது. அந்த மனுஷன் முகத்தப் பார்த்தாலே கல்லெடுக்கத் தோணுது, சபை இராப்போஜனத்துல அப்பம் வாங்க அவர் பக்கத்துல முழங்கால் போட முடியல, மன்னிக்க ஒரு மனசு குடும் என்று எழுதியிருந்தேன். செவ்வாய்க்கிழமை ஆள் அம்பு ஒன்றும் இல்லாமல் இந்தச் சலவைக் கூடத்துக்கே வந்து நின்றார். இதுக்கு நான் என்னக்கா பதில் எழுதறது என்று சீட்டை நீட்டினார். பின்னால் பார்க்காமல் அழுக்குத் துணிக் கூடையின் விளிம்பில் உட்கார்ந்தார், கூடை கவிழ்ந்து வெள்ளை வேட்டியோடு உள்ளே போய்விட்டார். கால் இரண்டும் மேலே. நான் சிரித்தேன் மகளே, அப்பா போன பிறகு முதல் சிரிப்பு, அவரும் உள்ளேயிருந்தே சிரித்தார். கை கொடுத்துத் தூக்கிவிட்ட பிறகு கோபத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை தானே கூட நின்று குழியை மூட வைத்தார். அப்ப ஓட்டு என்று மெதுவாய் இழுத்தார். மன்னிப்பு ஆண்டவர் கேட்டது, குடுத்தாச்சு தம்பி, ஓட்டு நீங்க கேக்கறது, அது கிடையாது என்றேன். எங்கள் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மகள் அவரை எதிர்த்து நிற்கிறாள், என் ஓட்டு அவளுக்குத்தான்.

கோபித்துக்கொள்ளாதே. அவரை மன்னிக்க உனக்கு மனசு வருகிறபோது வரட்டும், நான் அவசரப்படுத்த மாட்டேன். இன்று காலை குழி மூடிய அந்த இடத்தில் கால் வைத்து நின்று அப்பாவை நினைத்து அழுதேன், அழுகையில் அவர் மட்டும்தான் இருந்தார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. குழந்தைக்குக் காதை மூடிக் கூட்டிப் போ, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா