ஒத்தடத்தின் சூடு

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலம் என்று தொடங்க இன்று மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வீடு வீடாகப் பரிசோதிக்க வந்த நர்ஸ் பெண், என் வலது புறங்கையிலுள்ள வெளிறிய தேமலைக் கண்டதும் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள்.

"எப்பம்மா தொடுவ?" என்றேன்.

"நாலு தடவை தொட்டுட்டேன்க்கா. இது தொழுநோய். மாத்திரை போட்டா குணமாயிடும். நீங்க அழுது என்னையும் அழ வைக்காதீங்க."

அவள் போனதும் வீட்டுக் குறிப்பேட்டைப் புரட்டினேன். இந்த ஆண்டு மூன்று முறை தீப்புண் களிம்பு வாங்கியிருக்கிறேன். ஒன்றும் வலித்ததாக நினைவில்லை. அடுப்புக்குக் கை பழகிவிட்டது என்று பெருமை வேறு பட்டிருக்கிறேன்.

பாப்பாவின் உடம்பில் தேமல் எதுவும் இல்லை. நோய் வராமல் தடுக்க அவளுக்கு ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்தார்கள். அவள் விழுங்கி முடிக்கும்வரை கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

"வீட்ல வேற யாரு இருக்காங்கக்கா?" என்று நர்ஸ் பெண் போகும்முன் கேட்டாள். நீங்கள் வெளியூரில் வேலை என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

போன விடுமுறையில் உங்கள் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தேனே, சூடு சரிதானா என்று இந்தப் புறங்கையில்தான் வைத்துப் பார்த்தேன். உங்களுக்குக் கொப்புளமே வந்துவிட்டது. நீங்களோ செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினீர்கள்.

நாளைக்கே அங்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதுகைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டார்களா என்று அவர்களிடமே கேளுங்கள்.

பிரார்த்தனையுடன்,
உங்கள் வீட்டுக்காரி