வந்து போகும் சாய்தளம்

அனுப்புநர்:
தையல்கடைக்காரர்,
புதிய அரசு மருத்துவமனைக்கு எதிர்ப்புறம்.

பெறுநர்:
உயர்திரு தலைமைப் பொறியாளர் அவர்கள்,
பொதுக் கட்டடங்கள் துறை.

பொருள்: மருத்துவமனைச் சாய்தளம் – கட்டுமான ஒப்பந்தத்தைத் தேசியக் கட்டட விதிகளுக்கு ஏற்பத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பக்கவாதத்தால் வலது பக்கம் செயலிழந்த என் மனைவியை, உடற்பயிற்சி சிகிச்சைக்காகச் சக்கர நாற்காலியில் மேற்படி மருத்துவமனைக்குத் தள்ளிச் செல்பவன் நான். விடாமல் வந்தால் கை திரும்பும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். வாசலில் உள்ள சாய்தளமோ செங்குத்தாக நிற்கிறது. ஏறும்போது எனக்கு மூச்சு வாங்குகிறது. இறங்கும்போது, "தள்ளிட்டுப் போறீங்களா, தள்ளிவிடப் பாக்குறீங்களா?" என்று அவள் கேட்கிறாள்.

2. தங்கள் அலுவலகத்தில் விசாரித்தேன். ஒப்பந்தப் பிரிவு அதிகாரி அன்போடு உட்காரவைத்து, ஒப்பந்த வரைபடத்தின்படி சாய்தளம் மிகச் சரி என்றார். அவருக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருக்கும் விதிகள் பிரிவு அதிகாரி, புதிய தேசியக் கட்டட விதிகளின்படி அது மிகத் தவறு என்றார். இருவரும் ஒரே மின்விசிறியின் கீழ்தான் இருக்கிறார்கள். காற்று இருவருக்கும் போகிறது, பேச்சுதான் போகவில்லை.

3. ஒப்பந்தக்காரர் பாவம். மாற்றிக் கட்டினால் பில் நிற்கும். மாற்றாவிட்டால் நிறைவுச் சான்றிதழ் நிற்கும். ஆகவே ஆய்வு நாளன்று அவர் பழைய சரிவின் மேல் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கி மறைத்துவிட்டு, நீளமான இரும்புச் சாய்தளம் ஒன்றை லாரியில் கொண்டுவந்து படிகளின் மேல் சாத்தினார். விதிகள் பிரிவு அதிகாரி அளந்து பார்த்துத் திருப்தியோடு சென்றார். எங்களுக்கும் திருப்திதான். அன்று என் மனைவி மகாராணி போல ஏறிப் போனாள்.

4. சிகிச்சை முடிந்து வெளியே வந்தால் சாய்தளத்தைக் காணோம். லாரி கிளம்பிவிட்டது. மூட்டைகள் மட்டும் அப்படியே இருந்தன. ஒப்பந்தக்காரரின் தொழிலாளர்கள் நால்வர் நாற்காலியோடு அவளைத் தூக்கிப் படியிறக்கினார்கள். "அதுக்குள்ளயே நாலு பேரு தூக்கற மாதிரி ஆயிடுச்சே" என்றாள். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்ததும் அழுதாள். அன்றிலிருந்து சிகிச்சைக்கு வர மறுக்கிறாள். எனக்குத் தாங்கவில்லை ஐயா.

5. நான் தையல்காரன். அளவு மாறிவிட்டால் சட்டையைப் பிரித்துத் தைப்பேனே தவிர, ஆளைப் பிடித்து நறுக்குவதில்லை. எனவே, ஒப்பந்தமும் விதியும் முரண்படும் இடத்தில் விதியே செல்லும் என ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து, சாய்தளத்தைத் திருத்திக் கட்ட உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதற்கு நாளாகும் என்றால், அதுவரை என் மனைவியின் சிகிச்சை நாள்களில் எல்லாம் அதிகாரிகள் ஆய்வுக்கு வந்து உதவ வேண்டும். அவள் வெளியே வரும்வரை கிளம்பாமல் இருந்தால் இன்னும் நல்லது.

நாள்: ஆய்வு இல்லாத ஒரு திங்கட்கிழமை
இடம்: சாய்தளத்தின் அடியில்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தையல்கடைக்காரர்

குறிப்பு: என் கையொப்பத்துக்குக் கீழே கோணலாக இருப்பது என் மனைவி இடது கையால் போட்டது. வலது கையால் போடத்தான் அவளுக்கு ஆசை.