டோனாட்ரிக்ஸ் மிஸஸ் இஸ்மாயில்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே வெயில் கொளுத்துது. பக்ரீத் கறி ஃப்ரிட்ஜில் இன்னும் ஒரு டப்பா. துணி மடிக்கல. பல்லாவரத்தில் கல் செதுக்குறவர் போன். பம்மல் ஸ்கூலில் பொண்ணுங்களுக்கு நான் கட்டிக் கொடுத்த பாத்ரூம், அதோட திறப்பு விழாக் கல்லுக்காக.

"அக்கா, டோனாட்ரிக்ஸ்னு எழுதிக் குட்துகீறாங்க. மாத்திரை பேரு மாதிரி கீது. கரீட்டா?"

அந்த ஸ்கூல்லயே இங்கிலீஷ் நடத்தி ரிடையர் ஆனவ நான். டோனர்னு போடுங்கன்னேன். ஸ்கூல் செக்ரட்டரி சொல்லணுமாம்.

ஜூன் 10, செவ்வாய்
செக்ரட்டரிக்குப் போன் போட்டேன். "லேடி டோனருக்குன்னு தனி வார்த்தை இருக்கே மேடம். கௌரவம்தானே?"

பெஞ்ச் வாங்கிக் கொடுத்த தோல் வியாபாரிக்கு என்ன போட்டீங்க? "அவர் டோனர்."

அவர் கொடுத்தா வெறும் டோனர். நான் கொடுத்தா வால் ஒட்டணும். "பிடிக்கலைன்னா பெனஃபாக்ட்ரஸ்?" அதுக்கும் அதே வால். கத்திட்டேன். சரி, டோனர்னே போடறோம்னார்.

பெரிய பொண்ணுங்க பழைய பாத்ரூம் போக பயந்து தண்ணியே குடிக்காதுங்க. ஒருத்தி என் வகுப்பிலேயே மயங்கி விழுந்தா. அதான் ரிடையர்மென்ட் பணத்தைப் போட்டேன். வீட்டுக்காரருக்கு ஆகல. "கக்கூஸ் கட்டவா இந்தப் பணம்?" ரம்ஜான் பூரா முகம் கொடுத்துப் பேசல.

ஜூன் 13, வெள்ளி
விழா. சந்தை நாள், பல்லாவரத்தில் ஆட்டோ நகரல. இவர் புதுச் சட்டையில். எனக்கு முன்னாடி மேடை ஏறியாச்சு.

கல்லோட திரையை விலக்கினேன். டோனாட்ரிக்ஸ்: மிஸஸ் இஸ்மாயில்.

என் பேரு எங்கயுமே இல்ல. மைக்கை வாங்கினேன். "கொடுத்தது நான். என் பேரு மெஹருன்னிசா. இந்தக் கல்லை இறக்குங்க." செக்ரட்டரி தரையைப் பார்த்தார். பின் வரிசைப் பொண்ணுங்க கை தட்டினாங்க. பாத்ரூம் சாவியை அவங்ககிட்டயே கொடுத்துட்டேன். ஓடிப்போய்த் திறந்தாங்க.

திரும்பும்போது ஆட்டோவில் இவர்: "என் பேரு உனக்கு அவமானமா?"

"வேணாம்னு நின்னவர் பேரு அதுல எதுக்கு?"

டிரைவர் ரேடியோவைக் கூட்டி வெச்சார்.

ஜூன் 17, செவ்வாய்
மேகமூட்டம். கேஸ் சிலிண்டருக்குச் சொல்லணும். புதுக் கல் வெச்சாச்சுன்னு ஹெச்.எம். போட்டோ அனுப்பினாங்க. டோனர்: மெஹருன்னிசா. இவர் என் போனை வாங்கிப் பெருசு பண்ணிப் பண்ணிப் பார்த்தார்.

"கீழ சின்னதா வைஃப் ஆஃப்னாவது போட்டிருக்கலாம்."

போனைப் பிடுங்கிட்டேன். மதியம் சோறு அவரே போட்டுக்கட்டும்.