மாமா மன்னிப்புக் கேட்டால்

அன்புள்ள அம்மாவுக்கு,

குவைத்திலிருந்து உன் மகள் வணக்கத்துடன் எழுதுகிறேன். முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு ஒரு பயிற்சி நடந்தது. தினமும் காலையில் உங்களை எழுப்பிவிடுவது எது என்று கேட்டார்கள். ஒருத்தி பிள்ளைகள் என்றாள், இன்னொருத்தி கர்த்தர் என்றாள். நான், "கடத்தூரில் இருக்கும் என் மாமா" என்றேன். பாசம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அவர் மகன் கல்யாணத்தில் நலங்கு வைக்கப் போன உன் கையைத் தட்டிவிட்டு, "தாலி அறுத்தவ, தள்ளி நில்லு" என்று பந்தலே கேட்கச் சொன்னாரே, அந்தக் கோபத்தில்தான் படித்தேன், விமானம் ஏறினேன்.

இப்போது தன் மகள் கல்யாணத்துக்கு, "நீதாங்க்கா மொதல்ல நலங்கு வெக்கணும்" என்று நம் வூட்டுக்கே வந்து கூப்பிட்டாராமே! நான் குவைத் வந்ததும் உன் கை ராசியான கையாகிவிட்டது. கட்டாயம் போ. நான் வாங்கித் தந்த சிவப்புப் பட்டைக் கட்டிக்கொண்டு போ. அவர் தலைகுனிந்து நிற்பதை நன்றாகப் பார்த்துவிட்டு வா.

யாராவது இங்கே வந்தால் கொள்ளுப் பொடி கொடுத்தனுப்பு. தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று. அவர் மன்னிப்புக் கேட்டால் என்னிடம் சொல்லிவிடாதே. அப்புறம் காலையில் நான் எதற்காக எழுந்திருப்பேன்?

வெண்மதி